பேஸ் வாசிச்சுக்கிட்டே பாடற ஆடிஷனுக்கு ரெண்டு வாரத்துல எப்படி ரெடி ஆகறது?

நீங்க கேட்டத சுருக்கமா திருப்பி எழுதிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். மூணு வருஷமா பேஸ் கிட்டார் வாசிக்கறீங்க, சர்ச் கொயர்ல பாடின பழக்கம் இருக்கு, சென்னையில பப் ஷோ, கல்யாண ஷோ பண்ற ஒரு கவர் பேண்ட் உங்கள ஆடிஷனுக்கு கூப்பிட்டிருக்காங்க. கையில ரெண்டு வாரம் இருக்கு. ஆறு பாட்டு அனுப்பிருக்காங்க, நாலு தமிழ், ரெண்டு இங்கிலீஷ். ரெண்டு பாட்டுக்கு லீட் பாடணும், மத்ததுக்கு ஹார்மனி. தனித்தனியா ரெண்டும் நல்லா வருது, சேர்த்து பண்ணா கை தடுமாறுதுன்னு சொல்லிருக்கீங்க.

முதல்ல அந்த ரூம்ல இருக்கறவங்க எதை கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரிஞ்சாதான் ரெண்டு வாரத்த எதுல செலவு பண்றதுன்னு முடிவு பண்ண முடியும். உங்க ஸ்லாப் (கட்டை விரலால ஸ்ட்ரிங்க தட்டி வாசிக்கறது) எவ்ளோ வேகம், சங்கதி எவ்ளோ நல்லா விழுதுன்னெல்லாம் பாக்கறது ரெண்டாவதுதான். நீங்க வாய திறக்கற அந்த நொடியில உங்க பேஸுக்கு என்ன ஆகுதுன்னுதான் அவங்க கேப்பாங்க, முக்கியமா டிரம்மர் அத மட்டும்தான் கேப்பாரு. இண்ட்ரோ முழுக்க ஜம்முனு போயிட்டு இருந்த பேஸ், பல்லவி ஆரம்பிச்சதும் லைட்டா குழைஞ்சு போச்சுன்னா அவரு கிக்குல, அதாவது காலால அடிக்கற பெரிய டிரம்ல, காலை வைக்கும்போதே தெரிஞ்சுடும், பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்கும். அதனால இந்த ரெண்டு வாரத்துல உங்க உழைப்புல பாதிக்கு மேல அந்த ஒரு இடத்துக்குத்தான் போகணும்னு நான் நினைக்கறேன், பேஸ் லைன இன்னும் அலங்காரம் பண்றதுக்கு இது நேரமே இல்ல.

இன்னிக்கே அந்த பேண்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. எந்த வெர்ஷன், ஒரிஜினல் ரெக்கார்டிங்கா இல்ல லைவ் வெர்ஷனா. எந்த ஸ்கேல். பாட்டு ஆரம்பிக்க யாரு கவுண்ட் கொடுப்பாங்க. கிளிக் (காதுல தாளம் தட்டற சத்தம்) வச்சு வாசிக்கறாங்களா. எண்டிங் எப்படி. இந்த கடைசி கேள்விய நிறைய பேர் விட்டுடறாங்க, ரெக்கார்டிங்ல பாதி பாட்டு அப்படியே ஃபேட் ஆகி முடிஞ்சிருக்கும், பேண்ட் அதுக்குன்னு தனியா ஒரு முடிவு வச்சிருப்பாங்க, எல்லாரும் சேர்ந்து நிறுத்தின பிறகு நீங்க மட்டும் ரெண்டு நோட் எக்ஸ்ட்ரா வாசிச்சுட்டு நிப்பீங்க. அவங்க பழைய ஷோ வீடியோ ஏதாவது இருந்தா கேட்டு வாங்கிக்கோங்க, ஃபோன்ல எடுத்ததா இருந்தாலும் பரவால்ல, பழைய பேசிஸ்ட் எதை வாசிச்சாரு எதை விட்டாருன்னு அதுல கேக்கும், அவங்க காதுக்கு பழகின பேஸ் அதுதான். இப்படி கேக்கறதே உங்கள பத்தி நல்ல அபிப்பிராயத்த உண்டாக்கும், கேள்வி கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க.

ஸ்கேல் விஷயம் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா லீட் பாட்டு ரெண்டும் ஆண் குரல்ல வந்த பாட்டு, உங்க சுருதி அஞ்சரை கட்டைன்னு, அதாவது ஜி ஷார்ப்னு எழுதிருக்கீங்க, அதனால ஸ்கேல மாத்த வேண்டி வரலாம். வெறும் சிங்கரா இருந்தா கட்டைய சொல்லிட்டு போயிடலாம், கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு, கிட்டார்ல கேப்போன்னு ஒரு கிளிப் போட்டுக்குவாங்க. பேஸ்ல ஃபிங்கரிங் எல்லாமே நகரும், அதுவும் ஓபன் ஸ்ட்ரிங்க நம்பி எழுதின லைனா இருந்தா ஷேப்பே மாறிடும். உதாரணத்துக்கு பாட்டு ஈ ஸ்கேல்ல இருந்து அரை கட்டை இறங்கி டி ஷார்ப்புக்கு வந்துதுன்னு வைங்க, நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல அந்த கீழ் டி ஷார்ப்பே கிடையாது, ஓபன் ஈ தான் கடைசி, சுமார் 41 ஹெர்ட்ஸ். அப்போ ஒண்ணு ஏ ஸ்ட்ரிங்ல ஆறாவது ஃப்ரெட்ல ஒரு ஆக்டேவ் மேல வாசிக்கணும், இல்லன்னா ஸ்ட்ரிங்க இறக்கி டியூன் பண்ணணும், இல்லன்னா 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் போற கீழ் பி இருக்கற அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ் வேணும். ஆடிஷனுக்காக புதுசா அஞ்சு ஸ்ட்ரிங் கடன் வாங்கிட்டு போகாதீங்க, நெக் அகலமா இருக்கும், ஸ்ட்ரிங் இடைவெளி வேற, பாடும்போது கை தானா போய் தப்பான ஸ்ட்ரிங்ல உக்காரும். ஸ்கேல இப்பவே பேசி முடிவு பண்ணிட்டு அந்த ஸ்கேல்ல மட்டும் பிராக்டிஸ் பண்ணுங்க. நாலு நாள் ஒரிஜினல் ஸ்கேல்ல பழகிட்டு அப்புறம் மாத்தினா கை பழச மறக்காது.

தமிழ் பாட்டுக்கு ஒரு பக்கத்துல அடங்கற மாதிரி சார்ட் எழுதிக்கோங்க. பல்லவி, மொத இண்டர்லூட், சரணம், ரெண்டாவது இண்டர்லூட், திரும்ப சரணம், இதுல பாடற இடத்துல யாரும் தொலைய மாட்டாங்க ஏன்னா வரி ஞாபகம் இருக்கும், தொலையறது எல்லாம் இண்டர்லூட்லதான். எத்தனை பார்னு (நாலு எண்ணிக்கை ஒரு பார்) விரல் விட்டு எண்ணி எழுதுங்க, சிலது எட்டு எட்டா போகாது, நடுவுல ரெண்டு பார் எக்ஸ்ட்ரா நிக்கும், அந்த இடத்துல ஒரு வட்டம் போட்டு வைங்க. 80களோட கடைசில இருந்து வந்த பாட்டுல பேஸ் கீபோர்டுல போட்டதா கூட இருக்கும், அத அப்படியே கிட்டார்ல எடுக்க முயற்சி பண்ணா விரலுக்கு சம்பந்தமே இல்லாம வரும், அங்க லைனோட ரிதம மட்டும் எடுத்துக்கிட்டு நோட்ட உங்க கைக்கு வசதியா அமைச்சுக்கறதுல தப்பே இல்ல. ராஜா சார் பாட்டு ஒண்ணு லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னீங்க, அது வேற மாதிரி, அவரு பாட்டுல பேஸ் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்களுக்கு) அடியில சும்மா நிக்காது, தனி மெலடியா நடந்து போகும், பாடற மெட்டுக்கு பதில் சொல்லும். அந்த லைன எடுத்துட்டு வெறும் ரூட் நோட் (கார்டோட அடிப்படை ஸ்வரம்) வாசிச்சா கேக்கறவங்களுக்கு அது வேற பாட்டு. அந்த பாட்டுக்கு உங்களுக்கு ஹார்மனிதானே, அதனால அங்க பேஸ்க்கு முழு மரியாதை கொடுங்க, ஹார்மனிய குறைச்சுக்கோங்க. லீட் பாடற ரெண்டு பாட்டுல மட்டும் பேஸ எளிமையாக்கறத பத்தி யோசிக்கலாம், அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப அந்த கை தடுமாறற விஷயம். தனியா வாசிக்கும்போது நல்லா வருதுன்னு சொல்றீங்க, ஆனா அது கவனத்த முழுசா வச்சு வாசிக்கும்போது நல்லா வருது. பாடணும்னா கவனத்துல முக்கால்வாசி வரி, சுருதி, மூச்சுன்னு போயிடும், மிச்சம் இருக்கற கால்வாசில பேஸ் ஓடணும். பரோட்டா மாஸ்டர் மாவ வீசிக்கிட்டே ஆறாவது டேபிளுக்கு எத்தனைன்னு கேட்டு பதிலும் சொல்லுவாரு பாருங்க, கை அந்த நிலைக்கு வந்திருக்கணும். இத சோதிக்க சுலபமான வழி இருக்கு, பேஸ் லைன மெட்ரோனோம்ல (சீரா தாளம் தட்டற கருவி) வாசிச்சுக்கிட்டே இருங்க, வீட்டுல யாரையாவது பக்கத்துல உக்காந்து கேள்வி கேக்க சொல்லுங்க, காலைல என்ன சாப்ட்ட, நாளைக்கு எத்தனை மணிக்கு கிளம்பற, போன வாரம் யாரு ஃபோன் பண்ணா. முழு வாக்கியமா பதில் சொல்லணும், கை நிக்கக்கூடாது, நோட் சுருங்கக்கூடாது. ஆம் இல்லன்னு ஒத்த வார்த்தைல பதில் சொன்னா செல்லாது. இதுல பாஸ் ஆகாத வரைக்கும் பாட்ட கூட சேர்க்காதீங்க, சேர்த்தா தப்பையே பழகுவீங்க.

அதே மாதிரி பாட்ட தனியா, பேஸ் இல்லாம, கால்ல தாளம் தட்டிக்கிட்டு பாடி பழகுங்க. கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது கத்துக்கிட்டவங்களுக்கு இங்க ஒரு பெரிய பலம் இருக்கு, கொயர்ல இருந்து வந்திருந்தாலும் நீங்களும் இத எடுத்துக்கலாம். கையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே, சமத்துல இல்லாம அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி எடுப்பு எடுத்து பாடறாங்க இல்ல, அதாவது கை ஒண்ணுல விழுது, வாய் அதுக்கு அப்புறம் திறக்குது, பாட்டு முழுக்க கை பாட்டுக்கு கை, குரல் பாட்டுக்கு குரல். பேஸ் வாசிச்சு பாடறதும் அடிப்படைல இதே திறமைதான், தொடைல போடற தாளம் நாலு ஸ்ட்ரிங்குக்கு மாறுது அவ்ளோதான். ஆதி தாளத்தோட எட்டு எண்ணிக்கைய ரெண்டு பார் ஃபோர் ஃபோரா எண்ணி உங்க லீட் பாட்டு ரெண்டையும் தாளம் போட்டு பாடி பாருங்க, எடுப்பு எங்க இருக்குன்னு தெளிவாகும். உங்க கை தடுமாறற இடம் பெரும்பாலும் அந்த எடுப்புலதான் இருக்கும், பேஸ் ஒண்ணுல அழுத்தமா விழணும், வரி அதுக்கு அரை இடம் கழிச்சு ஆரம்பிக்கும், ஆனா வாய் கையோட சேர்ந்து ஒண்ணுலயே திறக்க பாக்கும், இல்லன்னா கை வாய்க்காக காத்திருக்கும்.

அந்த ரெண்டு பார மட்டும் தனியா எடுங்க. ஒரு பேப்பர்ல 1 அண்ட் 2 அண்ட் 3 அண்ட் 4 அண்ட்னு எட்டு இடத்த எழுதுங்க. மேல பாட்டோட எழுத்து எங்க விழுதோ அங்க ஒரு கோடு, கீழ பேஸ் எங்க விழுதோ அங்க ஒரு புள்ளி. ஒரு சாதாரண லைன எடுத்துக்குவோம், பேஸ் 1லயும், 2க்கு அடுத்த அண்ட்லயும், 3லயும் விழுது. பாட்டு 1க்கு அடுத்த அண்ட்ல ஆரம்பிச்சு, 2, அதுக்கு அடுத்த அண்ட், அப்புறம் 3ஐ விட்டுட்டு 3க்கு அடுத்த அண்ட், 4. இப்ப பேப்பர பாருங்க, ரெண்டும் ஒண்ணா விழற இடம் ஒண்ணே ஒண்ணுதான், 2க்கு அடுத்த அண்ட். மத்த எல்லா இடத்துலயும் ஒண்ணு விழும்போது இன்னொண்ணு சும்மா இருக்கு, ரெண்டையும் சேர்த்தா 1ல இருந்து 4 வரைக்கும் இடைவெளி இல்லாம ஏழு அடி. ரெண்டு தனித்தனி வேலைய ஒரே நேரத்துல செய்யறதா நினைச்சா மண்டை சூடாகும், கையும் வாயும் பங்கு போட்டுக்கற ஒரே ஒரு ரிதம்னு நினைச்சா அது பிடிபட்டுடும். பேஸ கீழ வச்சுட்டு, வலது கைய தொடைல தட்டி, வாயால த த ன்னு சொல்லி அந்த ஏழ மெதுவா ஓட்டுங்க, கை, வாய், வாய், ரெண்டும், கை, வாய், வாய். அது தானா உருள ஆரம்பிச்ச பிறகு பேஸ எடுத்து, ஒரே நோட்ட மட்டும் வாசிச்சு வரிய ராகம் இல்லாம பேசற மாதிரி சொல்லுங்க. அப்புறம் கார்டு மாற்றம். கடைசியாதான் சுருதி. பாட்டு 100 பிபிஎம்னா (நிமிஷத்துக்கு 100 அடி) 60ல ஆரம்பிங்க, ஆனா 60ல முழு வரி பாட மூச்சு பத்தாது, அதனால மெதுவா இருக்கும்போது எழுத்த மட்டும் சொல்லுங்க, 80 தாண்டினதும் பாடுங்க.

100க்கு வந்துட்டீங்கன்னா மெட்ரோனோம 50ல வச்சு அந்த கிளிக்க 2, 4ன்னு எடுத்துக்கிட்டு வாசிங்க, அதாவது ஸ்னேர் டிரம் விழற இடம். 1ஐ நீங்களேதான் வச்சுக்கணும், யாரும் கொடுக்க மாட்டாங்க. பாடிக்கிட்டே இத பண்ண முடிஞ்சா நீங்க நிஜமாவே ரெடி.

தினமும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, ஒரு ரெக்கார்டிங்க ரெண்டு தடவை கேளுங்க, ஒரு தடவை பேஸ மட்டும், ஒரு தடவை குரல மட்டும். மூணு தப்பு வரும், இந்த மூணும் பாடற பேசிஸ்ட் எல்லாருக்கும் வர்றதுதான். பாட ஆரம்பிச்சதும் பேஸ் நோட்டோட நீளம் குறையும், இழுத்து பிடிக்க வேண்டிய நோட்ட கை சீக்கிரம் விட்டுடும். ரெண்டாவது, ஹை நோட் வர்ற இடத்துல டெம்போ ஏறும், குரல் முட்டும்போது உடம்பு மொத்தமும் அவசரப்படும். மூணாவது கொஞ்சம் கவனிச்சு கேட்டாதான் தெரியும், பாட்டு பேஸோட ரிதத்துக்கு கட்டுப்பட்டு சதுரமா ஆயிடும், ஒரிஜினல் சிங்கர் பீட்டுக்கு கொஞ்சம் பின்னாடி சாஞ்சு பாடின இடத்துல எல்லாம் நீங்க எண்ணி எண்ணி பாடிட்டு இருப்பீங்க. இதுல மொத ரெண்டையும் கட்டாயம் சரி பண்ணிட்டு போங்க. மூணாவது ரெண்டு வாரத்துல முழுசா சரியாகாது, அது மேடை ஏற ஏறத்தான் வரும், அத பேண்ட்ல இருக்கறவங்களும் புரிஞ்சுக்குவாங்க.

பேஸ எளிமையாக்கறத பத்தி. எதை குறைக்கலாம்னா பாடற வரிக்கு அடியில இருக்கற கோஸ்ட் நோட் (சுருதி இல்லாம தட்டற நோட்), பாஸிங் நோட் (ரெண்டு முக்கிய நோட்டுக்கு நடுவுல வர்றது), ஆக்டேவ் தாவல். எதை தொடவே கூடாதுன்னா கார்டு மாறற இடத்துல விழற ரூட், கிக்கோட சேர்ந்து விழற அடி, அப்புறம் அந்த பாட்டுக்கே அடையாளமா இருக்கற லைன். ரெண்டு வரிக்கு நடுவுல மூச்சு விடற இடைவெளி வருமே, அங்க உங்க ஃபில்ல (சின்ன அலங்கார வாசிப்ப) வைங்க, கேக்கறவங்களுக்கு பேஸ் குறைஞ்சதே தெரியாது. தி போலீஸ் பேண்ட்ல ஸ்டிங் பாடிக்கிட்டே வாசிக்கறத கவனிச்சு கேளுங்க, மூணே பேர் இருந்த பேண்ட், அவரு பேஸ் லைன்ல எவ்ளோ காலி இடம் இருக்குன்னு பாருங்க. அதுக்கு நேர் எதிரா ரஷ் பேண்டோட கெடி லீ, நிறைய நோட்டோட பேஸும் வாசிச்சு, ஹை ரேஞ்ச்ல பாடி, காலால பெடல் சிந்தசைசரும் மிதிப்பாரு, அத பாத்து ஆச்சரியப்படலாம், ரெண்டு வாரத்துல அத நோக்கி போகாதீங்க. எஸ்பெரான்சா ஸ்பால்டிங்னு ஒருத்தங்க, 2011ல புதுக் கலைஞருக்கான கிராமி விருது வாங்கினவங்க, ஜாஸ் ஆளுங்கள்ல அத வாங்கின முதல் ஆள், பேஸ் வாசிச்சுக்கிட்டே குரல் எவ்ளோ தளர்வா, பேஸுக்கு கட்டுப்படாம மிதக்குதுன்னு அவங்க லைவ் வீடியோல பாருங்க, நான் மேல சொன்ன மூணாவது தப்பு இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு புரியும்.

ஹார்மனி. இங்கிலீஷ் பாட்டுல மெலடிக்கு மேல மூணாவது ஸ்வரத்துல கூடவே போறது கொயர்ல பழகினதுதான், உங்களுக்கு கஷ்டம் இருக்காது. தமிழ் பாட்டுல அத அப்படியே போட்டா ஒட்டாது, மெட்டு ஒரு ராகத்த பிடிச்சு கமகத்தோட போகும், நீங்க பக்கத்துல இன்னொரு கோட்டுல கூடவே போனா ராகத்துல இல்லாத ஸ்வரம் வந்து நிக்கும், வளைவும் ஒண்ணோட ஒண்ணு மோதும். அங்க கார்டோட ஒரு நோட்ட எடுத்து நீளமா ஊன்னோ ஆன்னோ பிடிச்சு நிக்கறதுதான் அழகா இருக்கும். இன்னொரு சிக்கல், கை ரூட் நோட்ட வாசிச்சுட்டு இருக்கும்போது குரலும் அந்த ரூட்டுக்கே சரிய பாக்கும். தம்பூரா ஆப் ஒண்ண அந்த ஸ்கேல்ல போட்டுட்டு, மூணாவதையும் அஞ்சாவதையும் மாத்தி மாத்தி பிடிச்சு நின்னு பழகுங்க, அப்புறம் தம்பூராவ நிறுத்திட்டு அந்த வேலைய பேஸ்கிட்ட கொடுங்க.

நின்னுக்கிட்டு பிராக்டிஸ் பண்ணுங்க. இத எவ்ளோ அழுத்தி சொன்னாலும் தகும். கட்டில்ல உக்காந்து பழகின கை, பட்டை போட்டு நின்னதும் மணிக்கட்டு கோணம் மாறி வேற கையா ஆயிடும், பேஸ் நாலு கிலோ பக்கத்துல இருக்கும், தோள் இறங்கினா மூச்சும் குறையும். பட்டைய உக்காந்தா பேஸ் எந்த உயரத்துல இருக்குமோ அதே உயரத்துக்கு ஏத்திக்கோங்க, பாக்க ஸ்டைலா இல்லாட்டியும் பரவால்ல. மைக் இல்லன்னா வாய்க்கு நேரா ஏதாவது ஒண்ண கட்டி வச்சுக்கிட்டு அதுல இருந்து வாய் நகராம பாடுங்க, ஏன்னா கைய பாக்க தலைய திருப்பினா வாய் மைக்க விட்டு போயிடும், வரியோட பாதி ஸ்பீக்கர்ல வராது. ஃப்ரெட்போர்ட பாக்கவே கூடாதுன்னு இல்ல, நெக்கோட பக்கவாட்டுல 3, 5, 7, 9, 12ல புள்ளி இருக்கும், தலைய ஆட்டாம கண்ண மட்டும் இறக்கி அத பாக்க முடியும். பெரிய ஷிஃப்ட் எல்லாம் எந்த இடத்துல பண்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, மூச்சு எடுக்கற அந்த அரை நொடி இருக்கே, கைய நகர்த்த அதுதான் சரியான நேரம். மூச்சு குறி போடறப்பவே அதுக்கு அடியில எந்த ஃப்ரெட்டுக்கு போகணும்னும் எழுதி வைங்க.

ஜாம் ரூம், அதாவது பேண்ட் பிராக்டிஸ் பண்ற ரூம், அதோட சவுண்ட் வேற ஒரு பிரச்சனை. சின்ன ஏசி ரூம், பேஸ் ஆம்ப் பெரும்பாலும் மூலைல கிடக்கும், மூலைல வச்சா லோ எண்ட் (கீழ் சத்தம்) வீங்கும், ரூம் முழுக்க ஒரு உறுமல் மட்டும் நிக்கும், எந்த நோட்னே தெரியாது, அத கேட்டு சுருதி பிடிக்கறது ரொம்ப கஷ்டம். முடிஞ்சா ஆம்ப மூலைல இருந்து கொஞ்சம் வெளிய இழுங்க, பேஸ் நாப குறைச்சு மிட் நாப கொஞ்சம் ஏத்துங்க, வால்யூம அதுக்கு அப்புறம் தொடுங்க. நிக்கற இடமும் முக்கியம், கீபோர்டோ ரிதம் கிட்டாரோ காதுல விழற மாதிரி, டிரம்மரோட கிக் கால் கண்ணுல படற மாதிரி நில்லுங்க. மைக் அநேகமா ஷ்யூர் எஸ்எம்58 இல்ல அது மாதிரி ஒண்ணா இருக்கும், முன்னாடி வர்றத எடுத்துக்கும், பின்னாடி வர்றத பெருசா எடுக்காது, அதனால ஸ்பீக்கர் மைக்கோட முதுகு பக்கம் இருக்கட்டும், மைக்கோட தலைய கையால பொத்தாதீங்க, ஸ்பீக்கர் ஊளையிடும். உதடு ஒட்டற அளவு நெருங்கி பாடினா குரல்ல கீழ் சத்தம் ஏறும், ஏற்கனவே பேஸ் நிறைஞ்ச ரூம்ல அது சேறாயிடும், ரெண்டு மூணு விரல் இடைவெளி விடுங்க.

ஸ்ட்ரிங் மாத்தறதா இருந்தா நாலஞ்சு நாள் முன்னாடி மாத்திடுங்க, புது ஸ்ட்ரிங் இழுபட்டு நிலைக்கற வரைக்கும் சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். ஆக்டிவ் பிக்கப்னா புது 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு பையில போடுங்க. உங்க சொந்த கேபிள் ரெண்டு, டியூனர், சார்ட்டோட நாலு காப்பி. வெயில்ல பைக்ல பேஸ் கொண்டு போனீங்கன்னா ஏசி ரூம்ல கால் மணி நேரம் பெட்டிய திறந்து வச்சுட்டு அப்புறம் டியூன் பண்ணுங்க, வந்த சூட்டுல டியூன் பண்ணா மொத பாட்டு முடியறதுக்குள்ள மாறிடும். தொண்டைக்கு பெருசா எந்த வைத்தியமும் வேணாம், தண்ணி, தூக்கம், முந்தின ராத்திரி லேட்டா காரமா சாப்பிடாம இருக்கறது, ஏன்னா படுத்ததும் ஆசிட் மேல வந்தா காலைல குரல் கரகரப்பா இருக்கும். கடைசி ரெண்டு நாள் முழு சத்தத்துல பாடாதீங்க, பேஸ் மட்டும் வாசிச்சு வரிய முணுமுணுத்தா போதும். அன்னிக்கு கிளம்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உதட்ட ப்ர்ர்ர்னு அதிர விட்டு ஏத்தி இறக்குங்க, வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு ஹம் பண்ணுங்க.

உள்ள போனதும் டியூன் பண்றத மியூட்ல பண்ணுங்க, சும்மா இருக்கற நேரத்துல ஸ்லாப் போட்டு காட்டாதீங்க, எல்லாரும் செட் பண்ணிட்டு இருக்கும்போது அது எரிச்சலத்தான் கிளப்பும். மொத பாட்டா உங்களுக்கு நல்லா வர்ற ஹார்மனி பாட்ட கேளுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, லீட் பாட்டு ரெண்டாவதோ மூணாவதோ வரட்டும், அதுக்குள்ள டிரம்மரோட கை உங்களுக்கு பழகிடும். தப்பு நடக்கும். நடந்தா எதை விடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு போங்க, என் பதில் எப்பவும் ஒண்ணுதான், குரல விடுங்க, பேஸ விடாதீங்க. ஒரு வரி பாடாம போனா கீபோர்டிஸ்டோ இன்னொருத்தரோ அத பிடிச்சுக்குவாங்க, இல்லன்னாலும் பாட்டு ஓடும், அடுத்த வரில ஏறிக்கலாம். பேஸ் நின்னா எல்லாரும் நிக்கணும். வரி போனா முகம் சுளிக்காம டிரம்மர பாத்துக்கிட்டே வாசிச்சுட்டு போனீங்கன்னா, சொல்லப்போனா அது உங்களுக்கு சாதகமாவே முடியலாம், மேடைல இவங்கள நம்பலாம்னு தோணும்.

பாட்டு முடிஞ்சதும் சும்மா ஏ மைனர்ல ஜாம் பண்ணலாம்னு, அதாவது பாட்டு எதுவும் இல்லாம அப்பப்ப தோணினத சேர்ந்து வாசிக்கலாம்னு சொல்லுவாங்க. இங்கதான் நல்லா வாசிக்கறவங்க கூட நிறைய பேர் கோட்ட விடறாங்க. எட்டு பாருக்கு வெறும் ரூட்டையும் கிக்கையும் பிடிச்சு நில்லுங்க, மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் ஒரு விஷயம் சேருங்க. நடுவுல யாராவது இத கொஞ்சம் சிம்பிளா வாசிங்களேன்னு சொன்னா விளக்கம் கொடுக்காம உடனே மாத்தி வாசிச்சு காட்டுங்க, சொன்னத எடுத்துக்கற ஆளான்னு பாக்கத்தான் பாதி நேரம் அப்படி சொல்றாங்க. 2003ல மெட்டாலிகாங்கற அமெரிக்க மெட்டல் பேண்ட் பேசிஸ்ட் தேடினப்ப எடுத்த காட்சிகள் அவங்கள பத்தின டாக்குமெண்டரில இருக்கு, வந்த எல்லாருமே பெரிய வாசிப்புக்காரங்க, கடைசில ராபர்ட் ட்ருஹியோவ எடுத்தாங்க. ஆடிஷனுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, வாசிக்கற நேரத்துல ரூம்ல இருக்கற மத்தவங்க முகத்த கவனிங்க.

அப்புறம் ஒரு விஷயம், நீங்களும் அவங்கள ஆடிஷன் பண்றீங்க. ஒரு ஷோல எத்தனை செட், தொடர்ந்து எத்தனை பாட்டுக்கு நீங்க லீட் பாடணும், கல்யாண ஷோ எத்தனை மணி நேரம், வாரத்துல எத்தனை நாள் பிராக்டிஸ், ஜாம் ரூம் வாடகைய யாரு கொடுக்கறாங்க, பணம் எப்படி பிரிக்கறாங்க, ராத்திரி லேட்டா ஷோ முடிஞ்சா பேஸோட வீட்டுக்கு எப்படி திரும்பறதுன்னு எல்லாம் கேளுங்க. பேசிஸ்ட் இடத்துல ஒருத்தர், ரெண்டாவது சிங்கர் இடத்துல ஒருத்தர்னு ரெண்டு பேரோட வேலைய ஒரு ஆளா செய்யறீங்க, மத்தவங்க வாசிச்சு மட்டும் முடிக்கற நேரத்துல உங்க தொண்டையும் தேயுது. கூட காசு கேக்கறீங்களோ இல்லையோ, தொடர்ந்து மூணு லீட் பாட்டுக்கு மேல வேணாம், நடுவுல ரெண்டு பாட்டு மத்தவங்க பாடட்டும்னு ஆரம்பத்துலயே பேசி வைங்க, நாலு ஷோ முடிஞ்சு குரல் கட்டின பிறகு பேசறது ரொம்ப சங்கடம்.

பதில் வர ஒரு வாரம் கூட ஆகும், வேற ஆளுங்களையும் பாத்துட்டு இருப்பாங்க. இல்லன்னு வந்தா டிரம்மருக்கு மட்டும் தனியா மெசேஜ் பண்ணி, பாடும்போது பேஸ் எந்த பாட்டுல ஆடிச்சுன்னு கேளுங்க, அவருக்கு அது பார் கணக்கோட ஞாபகம் இருக்கும். இந்த ரெண்டு வாரத்துல எந்த இடமாவது பிடிபடலன்னா அந்த ரெண்டு பாரோட எண்ணிக்கைய மேல சொன்ன மாதிரி எழுதி இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.